பூ வந்த பிறகு வரும் பனி

முந்தைய நாள் மாலை வரை நிமிர்ந்து நின்ற பீன்ஸ் நாற்றுகள் அவை. காலையில் பாத்திக்குப் போனபோது கொதிநீர் ஊற்றியதுபோல் கரும்பச்சையாகித் துவண்டு கிடந்தன. இலையைத் தொட்டால் ஈரமும் வழவழப்பும் விரலில் ஒட்டின. மதியத்துக்குள் எல்லாம் கறுத்துச் சுருண்டுவிட்டன. அன்றைய இரவுக்கு வானிலை அறிவிப்பு சொல்லியிருந்த குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி செல்சியஸ். உறைநிலைக்கு மேலே 3 டிகிரி இருக்கும்போது செடி எப்படி உறைந்து போகும்? அன்று எனக்கு விடை தெரியவில்லை. கருகிய நாற்றுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு விடையைத் தேடப் போனேன்.

முதல் விடை எளிமையானது. வானிலை நிலையத்தில் வெப்பமானியைத் தரையில் வைப்பதில்லை. தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், காற்று புகுந்து வெளியேறும் வெள்ளைப் பெட்டிக்குள் அது இருக்கும். வானம் தெளிந்து, காற்று அசையாமல் நிற்கும் இரவில் தரையை ஒட்டிய புல்நுனி அந்தப் பெட்டிக்குள் இருக்கும் காற்றைவிட 3, 4 டிகிரி குளிர்ந்திருக்கும், சில இரவுகளில் இன்னும் அதிகமாக. என் நாற்றுகள் ஒரு சாண் உயரம்கூட இல்லை. அறிவிப்பில் தவறில்லை. அது என் மார்பளவு உயரத்தில் இருந்த காற்றைப் பற்றிச் சொன்னது, பாத்தியைப் பற்றிச் சொல்லவில்லை.

இரண்டாவது விடையைப் புரிந்துகொள்ள, நாம் பேசும் சொல்லையே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. தமிழில் பனி என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனையோ அடங்கிவிடுகின்றன. புல்லில் நிற்கும் நீர்த்துளி பனி, வழியை மறைக்கும் மூட்டம் பனி, மலையுச்சியை மூடிக் கிடப்பதும் பனி. இவற்றுள் செடியைக் கொல்வது உறைபனி. ஆனால் எல்லாவற்றையும் பனி பெய்கிறது, பனி விழுகிறது, பனி கொட்டுகிறது என்றே சொல்கிறோம். கேட்பவர் மனத்தில், மேலிருந்து ஏதோ இறங்கிச் செடியின்மேல் படியும் காட்சிதான் வரும். உறைபனியில் நடப்பது இதற்கு நேர்மாறு. மேலிருந்து எதுவும் வருவதில்லை, கீழே இருக்கும் சூடுதான் மேலே போய்விடுகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், பனியிலிருந்து செடியைக் காப்பதற்குச் சொல்லப்படும் நூறு யோசனைகளில் எது உதவும், எது வீண் என்று நாமே பிரித்துவிடலாம்.

சூடு எங்கே போகிறது

பகல் முழுக்க வெயில் வாங்கிய மண், இரவில் அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகம் மூடியிருந்தால் மேகமும் கீழ்நோக்கிக் கதிர்வீசி, இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தால் திரும்பி வருவது குறைவு. அப்படிப்பட்ட இரவில் ஒரு சதுர மீட்டர் நிலம் இழப்பது ஏறக்குறைய 60 முதல் 100 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று தரும் சூட்டை, ஒவ்வொரு சதுர மீட்டரும் விடியும்வரை இழந்துகொண்டே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணுக்காவது ஆழத்தில் சேமிப்பு உண்டு. இலை மெல்லியது, சேமிப்பே இல்லாதது. வானத்தைப் பார்த்து விரிந்திருக்கும் இலை, சுற்றியுள்ள காற்றைவிடவும் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. உறைபனி விழுந்த காலையில் ஒரு மரத்தடியைப் போய்ப் பாருங்கள். திறந்த வெளியில் புல் வெள்ளை வெளேரென்று இருக்கும், மரக்கிளை கவிந்த வட்டத்துக்குள் பச்சையாகவே இருக்கும். இரண்டு இடத்திலும் காற்று ஏறத்தாழ ஒன்றுதான். வித்தியாசம், ஒரு புல் வானத்தைப் பார்த்தது, இன்னொரு புல் கிளையைப் பார்த்தது. கூரைக்குக் கீழே நிறுத்திய காரின் கண்ணாடியில் பனி படியாததற்கும் காரணம் இதுவே.

குளிர்ந்த இலையையும் தரையையும் தொட்ட காற்று, தானும் குளிர்ந்து கனமாகிறது. கனமான காற்று தண்ணீர் மாதிரிதான் நடந்துகொள்ளும். சரிவில் மெல்ல வழிந்து இறங்கி, பள்ளத்தில் தேங்கும். சரிவின் அடியில் செங்கல் சுவரோ அடர்ந்த வேலியோ குறுக்கே நின்றால், அணைபோல் அதன் மேற்பக்கம் குளிர் தேங்கி நிற்கும். ஒரே தோட்டத்தில் ஒரு மூலை ஆண்டுதோறும் கருகுவதும், பத்தடி தள்ளி எதுவும் ஆகாமல் இருப்பதும் இதனால்தான். வேலியின் அடியில் ஒரு முழம் திறந்துவிட்டாலே குளிர் வழிந்தோட வழி கிடைத்துவிடும். இடம் தேர்ந்தெடுக்கும்போதே பள்ளத்தைத் தவிர்ப்பதுதான் எல்லாப் பாதுகாப்பிலும் மலிவானது. மரம் நட்ட பிறகு அதை மாற்ற முடியாது.

குளிர்ந்த காற்று கீழே தங்குவதால், மேலே சில மீட்டர் உயரத்தில் காற்று வெதுவெதுப்பாகவே இருக்கும். வழக்கமாக மேலே போகப் போகக் குளிரும், இப்படிப்பட்ட இரவில் அது தலைகீழாகிவிடும். பெரிய பழத்தோட்டங்களில் ஏறக்குறைய 10 மீட்டர் உயரக் கம்பத்தில் ராட்சத விசிறி சுழல்வதைப் பார்த்திருக்கலாம். மேலே இருக்கும் வெதுவெதுப்பைக் கீழே கலக்கிவிடுவதுதான் அதன் வேலை. வீட்டுத் தோட்டத்துக்கு அது தேவையில்லை என்றாலும், காற்று வீசும் இரவில் உறைபனி ஏன் அரிது என்பதற்கு அதிலேயே விளக்கம் இருக்கிறது. இயற்கையின் விசிறியே அப்போது காற்றைக் கலக்கிவிடுகிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. துருவப் பக்கத்திலிருந்து பெருங்குளிர்க் காற்று மொத்தமாகக் கிளம்பி வந்து ஒரு நிலப்பரப்பையே மூடும்போது, பள்ளம் மேடு என்ற பேதம் இருக்காது, மேலே வெதுவெதுப்பான அடுக்கும் இருக்காது. 2007 ஏப்ரல் முதல் வாரத்தில் அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் அப்படி நடந்தது. மார்ச் மாத வெயிலை நம்பித் துளிர்த்துப் பூத்திருந்த மரங்கள் பல மாநிலங்களில் கருகின. இப்படிப்பட்ட குளிரில் துணிப் போர்வை ஓரளவுதான் தாங்கும். தொட்டிகளை வீட்டுக்குள் கொண்டுபோவதும், மிகவும் வேண்டிய செடிக்கு மட்டும் இரட்டைப் பாதுகாப்புக் கொடுப்பதும்தான் செய்யக்கூடியது. நல்லவேளையாக, வீட்டுத் தோட்டத்தைப் பூ வந்த பிறகு தாக்கும் இரவுகளில் பெரும்பாலானவை காற்றில்லாத, தெளிந்த இரவுகள்தான்.

காற்றின் ஈரத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஈரமான இரவில், குளிர்ந்த இலையில் நீர் துளிர்க்கும்போது அந்த நீர், ஆவி நீராக மாறும்போது வெளிவரும் உள்ளுறை வெப்பத்தை இலைக்கே கொடுத்து, குளிர்வதை மந்தமாக்கும். வறண்ட இரவில் இந்த உதவி கிடைக்காது, வெப்பநிலை விறுவிறுவென்று இறங்கும். வெள்ளைப் படலமே தெரியாமல் செடி கறுத்துப்போவது இப்படிப்பட்ட இரவில்தான். ஆகவே, புல் வெளுக்கவில்லையே என்று காலையில் நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

உறைந்தால் செடிக்குள் என்ன நடக்கிறது

குழாயில் நீர் உறைந்து வெடிப்பதுபோல் செல்கள் வெடிக்கின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பனிக்கட்டி முதலில் செல்லுக்கு வெளியே, செல்களுக்கு இடையிலான வெளியில்தான் உருவாகிறது. உருவான கட்டி, செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்து இழுத்துத் தான் வளர்கிறது. உப்புத் தூவிய வெள்ளரித் துண்டு நீர்விட்டுத் துவள்வதைப்போல் செல் வற்றுகிறது. வற்றல் ஓர் அளவைத் தாண்டினால் செல்லின் சவ்வு கிழிந்துவிடுகிறது. காலையில் கட்டி உருகும்போது, அந்த நீரைத் திரும்ப வாங்கிக்கொள்ள முழுச் செல் இல்லை. நீர் அப்படியே இலைக்குள் கசிந்து நிற்கிறது. என் பீன்ஸ் இலைகள் வெந்ததுபோல் வழவழத்தது அதனால்தான். குளிரில் செத்த செடி, சூட்டில் வெந்த செடியைப்போலவே தோன்றுகிறது.

இதில் வியப்பான பகுதி ஒன்று உண்டு. தூய நீர் 0 டிகிரியில் உறைந்தே ஆகவேண்டும் என்பதில்லை. கட்டி உருவாக ஒரு தொடக்கப் புள்ளி தேவை. அது கிடைக்காவிட்டால் செடிக்குள் இருக்கும் நீர் உறைநிலைக்குக் கீழே பல டிகிரி இறங்கியும் நீராகவே இருக்கும். அந்தத் தொடக்கப் புள்ளியைக் கொடுப்பவற்றுள் முக்கியமானது, இலைகளின்மேல் இயல்பாகவே வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா. அதன் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதம், நீரின் மூலக்கூறுகளைப் பனிக்கட்டியின் வரிசையில் அடுக்கிவைக்கிறது. அந்தப் புரதம் இல்லாத வகையை இலையில் தெளித்தால், உறையவைக்கும் வகைக்கு இடமில்லாமல் போகுமே என்று கலிபோர்னியாவில் ஸ்டீவன் லிண்டோ என்ற ஆய்வாளர் முயன்றார். 1987 ஏப்ரலில் அந்த மாநிலத்தில் ஒரு ஸ்ட்ராபெரி வயலில் அது தெளிக்கப்பட்டது. மரபணு மாற்றிய நுண்ணுயிரைத் திறந்த வெளியில் அனுமதியோடு விட்ட முதல் நிகழ்வு அது. எதிர்ப்பும் வழக்குகளும் சூழ்ந்ததில், அந்த மாற்றிய பாக்டீரியா விற்பனைக்கு வராமலேயே நின்றுபோனது. நமக்கு அது கைக்கு எட்டாத வழிதான். ஆனால் உறைதலுக்குக் குளிர் மட்டும் போதாது, ஒரு தூண்டுதலும் வேண்டும் என்பது தெரிந்தால், ஒரே கிளையில் ஒரு பூ செத்து அடுத்த பூ பிழைப்பது புதிராக இருக்காது.

குளிரைத் தாங்கும் திறன் செடிக்கு நிலையானது அல்ல. இலையுதிர் காலத்தில் படிப்படியாகக் குளிர் கூடும்போது செடி தன் செல்களில் சர்க்கரையைச் சேர்த்து, சவ்வுகளின் கொழுப்பை மாற்றி, தயாராகிறது. குளிரில் விளைந்த கேரட் இனிப்பது இதனால்தான். கோடை நெருங்கிச் சில வாரம் வெதுவெதுப்பாக இருந்தால் இந்தத் தயாரிப்பைச் செடி கைவிட்டுவிடும். அப்போது வரும் குளிர், நடுக்குளிர்காலக் குளிரில் பாதி இல்லாவிட்டாலும் கொன்றுவிடும்.

ஆப்பிளை எடுத்துக்கொள்வோம். மொட்டு வீங்கி அதன் நுனியில் வெள்ளி நிறம் தெரியும் நிலையில், பத்தில் ஒரு மொட்டைக் கொல்ல வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 9.4 டிகிரி வரை இறங்க வேண்டும். பச்சை நுனி வெளியே வந்ததும் அது கீழே 7.8 டிகிரி. பூ முழுதாக விரிந்த பிறகு கீழே 2.2 டிகிரியிலேயே பத்தில் ஒன்று போய்விடும். கீழே 3.9 டிகிரி என்றால் பத்தில் ஒன்பது போகும். இவை அரை மணி நேரம் அந்தக் குளிரில் இருந்தால் ஏற்படும் இழப்புகள். ஒரே மரம், ஒரே கிளை, சில வாரங்களில் 7 டிகிரித் தாங்கும் திறனை இழந்துவிடுகிறது. முழுதாகப் பூத்த நிலையில், பத்தில் ஒன்று போவதற்கும் பத்தில் ஒன்பது போவதற்கும் இடையில் இருப்பதோ 2 டிகிரிக்கும் குறைவு. ஒரு போர்வை தரக்கூடிய வித்தியாசமும் ஏறக்குறைய அந்த 2 டிகிரிதான். அதனால்தான் இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு பெரிய பலன் கிடைக்கிறது.

பாதாம், ஆப்ரிகாட், பீச், பிளம்ஸ் எல்லாம் அவசரக்காரர்கள், இலை வரும் முன்பே பூத்துவிடுவார்கள். பெரும்பாலான ஆப்பிள்கள் நிதானமாகப் பூக்கும். முசுக்கொட்டை இன்னும் நிதானம், குளிர் போய்விட்டது என்று உறுதியான பிறகே துளிர்க்கும். பழைய ரோமானியர்கள் அதை மரங்களிலேயே அறிவுள்ளது என்று பாராட்டினார்கள். பூக்கும் காலத்தில் உறைபனி வழக்கமாக வரும் இடத்தில் புதிதாக மரம் வைப்பவர், சுவையையும் பழத்தின் அளவையும் கேட்பதற்கு முன் பூக்கும் காலத்தைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தாமதமாகப் பூக்கும் ரகம் என்பது ஆண்டுதோறும் தானாகவே போர்த்திக்கொள்ளும் போர்வை. திராட்சைக்கு இன்னொரு வழி உண்டு. கவாத்தை, அதாவது கொடியை வெட்டிவிடுவதை, தள்ளிப்போட்டு நீளமான கொம்புகளை விட்டுவைத்தால் நுனி மொட்டுகள் முதலில் விழித்துக்கொண்டு, அடி மொட்டுகளை இன்னும் சில நாள் தூங்கவைக்கும். ஆபத்து கடந்ததும் நுனியை வெட்டிவிடலாம்.

காய்கறிகளில் கதை வேறு. முட்டைக்கோஸ், பட்டாணி, வெங்காயம், பூண்டு, ஸ்பினாச் என்ற பசலை (கொடிப்பசலை அல்ல) ஆகியவை பழக்கப்பட்டிருந்தால் லேசான உறைபனியைத் தாங்கிவிடும். தக்காளி, மிளகாய், கத்தரி, பீன்ஸ், வெள்ளரி, பூசணி ஆகியவை வெப்பநாட்டுப் பிறவிகள், அவற்றுக்கு உறைபனியைத் தாங்கும் தயாரிப்பே கிடையாது. உறையாவிட்டாலும் 10 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்தால் அவை வளர்ச்சி நின்று ஏங்கிப்போகும். திருநீற்றுப்பச்சிலை 4, 5 டிகிரியிலேயே கறுத்துவிடும். உருளைக்கிழங்கு நடுவில் நிற்கிறது: தழை கருகும், ஆனால் மண்ணுக்குள் கிழங்கு இருக்கும்வரை மறுபடி துளிர்க்கும். முளை தலைகாட்டும் நேரத்தில் குளிர் வருமென்றால் மண் அணைத்து முளையை மூடிவிடுங்கள், அதற்கு மேல் பாதுகாப்பு தேவையில்லை.

போர்வை என்ன செய்கிறது

ஒரு சின்ன பீச் மரத்துக்கு நான் முதன்முதலில் துணி போர்த்தியபோது, குழந்தைக்குக் குல்லா மாட்டுவதுபோல் தலையை மூடி, அடிமரத்தில் சேர்த்துக் கயிற்றால் கட்டினேன். இறுக்கமாகக் கட்டியிருக்கிறேன் என்று திருப்தியாகவும் இருந்தது. மறுநாள் உள்ளே இருந்த பூக்களும் வெளியே இருந்தவற்றைப் போலவே போயிருந்தன. மனிதருக்குப் போர்வை சூடு தருகிறது என்றால், உள்ளே இருக்கும் உடம்பு சூட்டை உண்டாக்குகிறது என்று பொருள். செடி சூட்டை உண்டாக்குவதில்லை. அந்தத் தோட்டத்தில் இரவில் சூடு இருக்கும் ஒரே இடம் மண். அடிமரத்தில் துணியைக் கட்டியபோது, நானே செடியை மண்ணின் சூட்டிலிருந்து பிரித்துவிட்டேன்.

துணி தரைவரை தொங்க வேண்டும். கூடாரம் போல் விரிந்து, எவ்வளவு அதிகமான மண்ணை உள்ளே சேர்த்துக்கொள்கிறதோ அவ்வளவு நல்லது. ஓரங்களில் கல்லோ கட்டையோ வைத்து, காற்று புகாமல் அழுத்திவிட வேண்டும். நெய்யாத வெள்ளைத் துணி இதற்கென்றே கிடைக்கிறது. சதுர மீட்டருக்கு 17 கிராம் எடையுள்ள மெல்லிய வகை சுமார் 2 டிகிரி காக்கும், 30 கிராம் வகை அதைவிடக் கூடுதலாக. அது இல்லாவிட்டால் பழைய படுக்கை விரிப்பு, சாக்கு, அட்டைப்பெட்டி, கவிழ்த்த வாளி எதுவும் ஆகும். பருத்தித் துணி நனைந்துவிட்டால் கனத்துச் செடியை ஒடிக்கும், உறைந்தும் போகும். அடியில் நாலு குச்சி நட்டு அதன்மேல் போடுவது நல்லது. பிளாஸ்டிக் தாளை மட்டும் இலைமேல் படவே விடாதீர்கள். தாள் தொட்ட இலை, தாளோடு சேர்ந்து உறையும்.

எப்போது மூடுவது என்பதில் பலரும் தவறுகிறார்கள். இரவு பத்து மணிக்குக் குளிர் உறைக்கும்போதுதான் நினைவு வரும். அதற்குள் மண் தன் சூட்டில் கணிசமான பங்கை இழந்திருக்கும். வெயில் பாத்தியை விட்டு நகரும் முன்பே, பின்மாலையில் மூட வேண்டும். காற்று அடங்குகிறது, மேகம் இல்லை, பொழுது சாயும்போதே வெப்பநிலை வேகமாக இறங்குகிறது என்றால் அன்றைக்கு மூடுங்கள். இரவின் உச்சக் குளிர் நள்ளிரவில் வருவதில்லை, சூரியன் எழும் நேரத்தில், சில நாள் எழுந்து சற்று நேரம் கழித்துத்தான் வரும். ஆகவே ஐந்து மணிக்கு எட்டிப்பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று துணியை எடுத்துவிடக் கூடாது. உறைநிலையைத் தாண்டி ஏறியதும் எடுத்துவிடுங்கள், பூத்த மரம் என்றால் கட்டாயம் எடுங்கள். தேனீ வராத பூ, பனியிலிருந்து தப்பியும் காய்க்காது.

மண்தான் அடுப்பு என்றால் அந்த அடுப்பைத் தயார்செய்ய வேண்டும். காய்ந்து பொலபொலத்த மண்ணில் காற்று நிறைந்திருக்கும், பகல் சூடு அதில் ஆழமாக இறங்காது, இரவில் மேலேறியும் வராது. ஈரமாக, சற்று அழுந்திய, வெறும் மண் பகலில் நிறைய வாங்கி இரவில் நிறையக் கொடுக்கும். ஆகவே குளிர் வருமென்று தெரிந்தால் முந்தைய நாள் காலையிலேயே பாத்திக்கு நீர் பாய்ச்சிவிடுங்கள். மண்ணைக் கொத்துவதை ஒத்திப்போடுங்கள். இங்கே மூடாக்கை நேசிக்கும் நம்மைப் போன்றவர்களுக்குக் கசப்பான ஓர் உண்மை இருக்கிறது. வைக்கோலும் சருகும் மண்ணின் சூட்டை மண்ணுக்குள்ளேயே அடைத்துவிடும், மேலே இருக்கும் பூவுக்கு அது எட்டாது. மூடாக்குப் போட்ட ஸ்ட்ராபெரிப் பாத்தியின் பூக்கள், வெறும் மண்ணில் இருப்பவற்றைவிட அதிகக் குளிரைச் சந்திக்கின்றன. பூக்கும் சில வாரங்களுக்கு மட்டும் மூடாக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, காய் பிடித்தபின் திரும்பப் போடுங்கள். மரத்தடிப் புல்லையும் களையையும் ஒட்ட வெட்டிவிடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

சுவரும் ஓர் அடுப்புதான். வெயில் விழும் செங்கல் சுவரை ஒட்டிய செடி, நடுத்தோட்டத்துச் செடியைவிட எப்போதும் பாதுகாப்பாக இருக்கும். போர்வைக்குள் தண்ணீர் நிரம்பிய கேன்களை வைப்பதும் நல்ல யோசனை. 20 லிட்டர் நீர் 15 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் குளிரும்போது வெளிவிடும் சூடு, 60 வாட் பல்பு ஏறக்குறைய 4 மணி நேரம் எரிவதற்குச் சமம். பகலில் கேனை வெயிலில் வைக்க மறக்க வேண்டாம்.

பூக்கள்மேல் இரவு முழுக்க நீர் தெளித்து, பனிக்கட்டிக்குள் பூவைப் பத்திரமாக வைத்திருக்கும் படங்களைப் பார்த்தவர்கள் அதை வீட்டில் செய்யலாமா என்று கேட்பார்கள். தத்துவம் உண்மைதான். ஒரு கிலோ நீர் உறையும்போது 334 கிலோஜூல் சூட்டை வெளிவிடும், அது பூவை 0 டிகிரிக்கு அருகிலேயே பிடித்துவைக்கும். ஆனால் அதே ஒரு கிலோ நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,500 கிலோஜூலை எடுத்துக்கொள்ளும். ஒரு கிலோ ஆவியானால், ஏழரைக் கிலோ உறைந்து கொடுத்த சூடு போய்விடும். வறண்ட காற்று வீசினாலோ, நடுவில் நீர் நின்றாலோ, நனையாத செடியைவிட நனைந்த செடி மோசமாகக் கருகும். கட்டியின் எடையில் கிளையும் முறியும். தடையில்லாத நீரும் சரியான தெளிப்பானும் இரவெல்லாம் கண்காணிக்க ஆளும் இல்லாவிட்டால் இதை விட்டுவிடுங்கள்.

புகை போடுவது இன்னும் பழைய நம்பிக்கை. புகை மேகம்போல் வானத்தை மறைக்கிறதே என்று தோன்றும். புகைத்துகள் ஒரு மைக்ரானைவிட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியது, மண்ணிலிருந்து எழும் கதிரின் அலைநீளமோ 10 மைக்ரான் அளவு. கதிர் அந்தத் துகள்களைத் தாண்டிப் போய்விடும். விடிந்த பிறகு புகை இன்னொரு கேட்டையும் செய்யும். வெயிலை மறைத்து, தோட்டம் சூடாவதைத் தள்ளிப்போடும். நெருப்பின் சூடு உதவும், புகை உதவாது. பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கான சிறு மெழுகுப் பானைகளை ஏற்றுவது இதை அறிந்துதான். பெரிய நெருப்பு ஒன்று இருந்தால் சூடு கம்பம்போல் மேலே எழும்பிப் போய்விடும், பக்கங்களிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படும். துணிப் போர்வைக்கு உள்ளே மட்டும் எந்தச் சுடரையும் வைக்காதீர்கள்.

எந்தத் தேதியை நம்புவது

கடைசி உறைபனித் தேதி என்று பல பகுதிகளுக்கும் ஒரு தேதி சொல்லப்படும். அது பெரும்பாலும் சராசரி. சராசரி என்றால், ஏறக்குறைய பாதி ஆண்டுகளில் அதற்குப் பிறகும் உறைபனி வந்திருக்கிறது என்று பொருள். அந்தத் தேதியில் தக்காளி நாற்றை நடுவது நாணயம் சுண்டுவதற்குச் சமம். பத்தில் ஒரு ஆண்டில் மட்டும் பனி வந்த தேதி கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சராசரியோடு இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். நாற்றுகளை ஒரு வாரம் பத்து நாள், பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுத்துப் பழக்கிய பிறகே நட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட உபயோகமானது சொந்தத் தோட்டத்தின் கணக்கு. இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையைத் தானே குறித்துவைக்கும் வெப்பமானியை ஜேம்ஸ் சிக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1780-இல் உருவாக்கினார். அந்த வகை இன்றும் கிடைக்கிறது. அதைச் சுவரில் மாட்டாமல் பாத்தியில், செடியின் உயரத்தில் வையுங்கள். காலையில் அதன் எண்ணையும் முந்தைய இரவின் அறிவிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவாருங்கள். தெளிந்த இரவுகளில் இரண்டுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்பது ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும். என் தோட்டத்தில் அது 4. இப்போது அறிவிப்பில் 5 என்று பார்த்தாலே துணியை எடுத்துவிடுகிறேன்.

உலகம் சூடாகும்போது இந்தத் தொல்லை குறையும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. கடைசி உறைபனி பல இடங்களில் முன்னதாக நகர்ந்திருப்பதும் உண்மை. ஆனால் பூக்கும் காலமும் முன்னதாக நகர்கிறது, சில இடங்களில் பனியைவிட வேகமாக. 2021 மார்ச் இறுதியில் பிரான்சில் கோடைபோல் வெயில் அடித்தது, மொட்டுகள் அவசரமாக விரிந்தன. ஏப்ரல் 7, 8 தேதிகளின் இரவுகளில் வந்த உறைபனி திராட்சையையும் பழமரங்களையும் சேர்த்துக் கருக்கியது. அந்த நாட்டின் வேளாண் அமைச்சரே இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்ந்த மிகப் பெரிய வேளாண் பேரழிவாக இது இருக்கலாம் என்றார். துளிர்ப்பு முந்திவிட்டதால், துளிரைத் தாக்கும் உறைபனிக்கான வாய்ப்பு அங்கே காலநிலை மாற்றத்தால் கூடியிருப்பதாகப் பிறகு நடந்த ஆய்வு காட்டியது. பனி மாறாமல் இருந்தாலும், பூ முந்தினால் ஆபத்து கூடும்.

மறுநாள்

பனி அடித்துவிட்டது என்றால், அன்று மதியம் வரை எதையும் தொடாதீர்கள். கட்டி உருகும் முன் இலையைத் தொட்டாலே நொறுங்கும். மதியத்துக்குப் பிறகு பத்துப் பூக்களைப் பறித்து, நகத்தாலோ பிளேடாலோ குறுக்கே வெட்டிப் பாருங்கள். இதழைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது, உள்ளே செத்த பூவும் வெளியே வெள்ளையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். நடுவில் உள்ள, பின்னால் காயாகும் சூலகம் இளம்பச்சையாக இருந்தால் பூ பிழைத்தது, பழுப்போ கறுப்போ என்றால் போனது. ஸ்ட்ராபெரியில் வெட்டக்கூட வேண்டாம், மஞ்சளாக இருக்க வேண்டிய நடுப்பகுதி கரிய கண்போல் உங்களைப் பார்க்கும்.

பத்தில் ஏழு கறுத்திருந்தாலும் ஆப்பிள் மரத்தை நினைத்து மனம் தளர வேண்டாம். நன்றாகப் பூத்த ஆப்பிளில் இருபதில் ஒரு பூ காயானாலே மரம் நிறையும். கொத்தின் நடுப்பூ முதலில் விரிவதால் அதுதான் முதலில் சாகும், சுற்றியுள்ளவை தாமதமாக விரிவதால் தப்பும். செர்ரியும் ஆப்ரிகாட்டும் இவ்வளவு தாராளமில்லை. பிழைத்த பிஞ்சுகள் சிலவற்றில் தோலைச் சுற்றிச் சொரசொரப்பான வளையம் ஒன்று வரும், சுவைக்குக் குறைவில்லை.

கருகிய நுனிகளை உடனே வெட்டவும் கூடாது. அவை அடியில் இருக்கும் உயிருள்ள மொட்டுகளுக்கு அடுத்த பனியில் கொஞ்சமாவது மறைப்பாக இருக்கும், எதுவரை செத்தது என்பதும் இரண்டு மூன்று வாரம் போனால்தான் தெரியும். புதுத் துளிர் தெரிந்த இடத்துக்கு மேலே வெட்டுங்கள். அதுவரை உரம் போடாமல் இருங்கள், உரத்தால் கிளம்பும் இளந்துளிர்தான் அடுத்த குளிருக்கு முதல் பலி.

அந்தப் பீன்ஸ் பாத்தியை நான் இரண்டு வாரம் சும்மா விட்டேன். பிறகு அதே வரிசையில் மறுபடி விதை ஊன்றினேன். அதற்குள் மண் நன்றாகச் சூடேறியிருந்தது, ஒன்பதாவது நாள் முளைகள் வளைந்த கழுத்தோடு மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தன. அன்று மாலையும் வானம் தெளிவாக இருந்தது. அறிவிப்பில் 9 டிகிரி என்று பார்த்த பிறகும், துணியைப் பாத்தியின் ஓரத்தில் எடுத்து வைத்தேன்.